இசைக் கடைக்கு என்ன பெயர் வைப்பது?

ஆவடி என்பது 'ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் அண்ட் அம்யூனிஷன் டிப்போ ஆஃப் இந்தியா' என்பதன் சுருக்கம் என்று அடித்துச் சொல்பவர்கள் எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் உண்டு. திருவள்ளூர் லோக்கலில் ஏறினால் வாரத்துக்கு ஒருவராவது பக்கத்து சீட்காரருக்கு இதை விளக்கிக்கொண்டிருப்பார். டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை ஆவடிக்கு வந்தது 1960களில். அதற்கு முன்பே, 1955 ஜனவரியில், காங்கிரஸ் மகாசபை அங்கே கூடி 'சோஷலிஸ பாணி சமுதாயம்' என்று தீர்மானம் போட்டபோதும் ஊரின் பெயர் ஆவடிதான். 'ஆ' என்றால் பசு, ஆக்கள் அடைந்த இடம் ஆவடி என்று சொல்கிற தமிழாசிரியர்களும் உண்டு. எது எப்படியோ, பெயர் முதலில் வந்தது, விளக்கம் பின்னால் வந்தது.

அம்பத்தூரில் 'ஓ.டி.' என்று ஒரு பஸ் ஸ்டாப். ஓல்டு டவுன் என்பதன் சுருக்கம். இன்றைய பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அது தெரியாது. தெரியாததால் யாரும் வழி தவறிப் போவதில்லை. கண்டக்டர் 'ஓ.டி. எறங்கு' என்றால் இறங்கிவிடுகிறார்கள். பெயர் என்பது பொருள் புரிந்தால்தான் வேலை செய்யும் என்பதில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க வைத்தால் போதும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சி.டி.எச். ரோட்டில் பாடியிலிருந்து ஆவடி வரைக்கும், அப்புறம் பூந்தமல்லி பக்கம் திரும்பினாலும், வாத்தியக் கடை, கீபோர்டு கிளாஸ், பாட்டு கிளாஸ், ஆர்கெஸ்ட்ரா, பேண்டு செட் என்று இசையை வைத்துப் பிழைக்கிறவர்களின் போர்டுகளைப் படித்துக்கொண்டே போவது எனக்கு ஒரு பழக்கம். சரஸ்வதி, சுருதி, லயா, ராகம், ஸ்வரம், நாதம். இந்த அரை டஜன் சொற்களைச் சோழி குலுக்குவதுபோலக் குலுக்கிப் போட்டால் பாதிப் போர்டுகள் கிடைத்துவிடும். ஏன் இப்படி? நம் ஊரில் இசைத் தொழிலுக்குப் பெயர் வைத்த வரலாறு என்ன? எனக்குத் தெரிந்த அளவில் எழுதிப் பார்க்கிறேன்.

பழைய காலத்தில் இந்தப் பிரச்சினையே இருக்கவில்லை. இசைக்காரருக்கு அவருடைய ஊரே கம்பெனிப் பெயர். அரியக்குடி, செம்மங்குடி, திருவாவடுதுறை, காருகுறிச்சி, குன்னக்குடி, லால்குடி, வலையப்பட்டி. அந்தப் பெயர்களை உச்சரித்தால் நமக்கு ஊர் ஞாபகம் வருவதில்லை, ஆள்தான் வருகிறார். சீர்காழி என்றால் வெண்கலக் குரல். நாகூர் என்றால் ஹனிபா. கோயில் திருவிழாவுக்கு மேளம் பிடிக்கப் போகிறவர்களும் 'அந்த ஊர் செட்டைப் பிடி' என்றுதான் சொல்வார்கள். அந்த ஊரில் நாலு செட் இருந்தாலும், அடுத்த ஊர்க்காரனுக்கு ஒரு செட்தான் தெரியும். பெயருக்காக யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை. வித்துவானின் வாசிப்பே அவர் பெயருக்குக் காவல்.

வம்பு ஆரம்பித்தது இசைத்தட்டு வந்தபோதுதான். அதுவரை இசை கேட்க வேண்டுமென்றால் ஆள் நேரில் வரவேண்டும். இசைத்தட்டில் ஆள் இல்லை, குரல் மட்டும் இருக்கிறது. 1902இல் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பர்க் ஒலிப்பதிவு செய்தபோது, கௌஹர் ஜான் பாட்டு முடிந்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் தானே அறிவித்தார். தட்டு அச்சாவது ஜெர்மனியில் ஹானோவர் நகரத்தில். அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு எது யார் பாடியது என்று தெரிய வேண்டுமே, அதற்காக. நம் நாட்டில் இசை வியாபாரத்தில் பெயர் என்பது சரக்கின் ஒரு பாகமானது அந்த நாளிலிருந்துதான் என்று எனக்குத் தோன்றும்.

அந்தக் கம்பெனியின் முத்திரை முதலில் நாய் இல்லை. தட்டின் மேல் இறகுப் பேனாவால் எழுதுகிற ஒரு தேவதைச் சிறுவன்தான் முதலில் இருந்தது. நாயின் கதை வேறு. பிரான்சிஸ் பாரோ என்ற ஆங்கில ஓவியர், செத்துப்போன தன் அண்ணனிடமிருந்து வந்த நிப்பர் என்ற நாயை, போனோகிராப் குழாய்க்குள் காதை வைத்துக் கேட்பதுபோல வரைந்தார். எடிசன் பெல் கம்பெனிக்கு அதை விற்கப் பார்த்தார், வேண்டாம் என்றுவிட்டார்கள். கிராமபோன் கம்பெனிக்காரர்கள், 'அந்த மெஷினை அழித்துவிட்டு எங்கள் மெஷினை வரைந்து கொடு, வாங்கிக்கொள்கிறோம்' என்றார்கள். 1899இல் படத்துக்கு 50 பவுண்டு, உரிமைக்கு 50 பவுண்டு, ஆக 100 பவுண்டு. படத்தின் தலைப்பு 'ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்'. தலைப்பே பின்னால் பெயரானது. நிப்பர் 1895லேயே போய்ச் சேர்ந்துவிட்டது, பாவம். தான் உலகப் புகழ் பெற்றது அதற்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் அதை எச்.எம்.வி. என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'நாய் மார்க் பிளேட்டு' என்றுதான் என் தாத்தா சொல்வார். நம் ஊரில் பெயர் என்றால் அது பெரும்பாலும் படம்தான். மயில் மார்க் சம்பா ரவை, கோபுரம் பூசு மஞ்சள் தூள் என்று கடையில் கேட்டு வாங்கியவர்களில் எத்தனை பேர் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள்? வெள்ளைக்காரக் கம்பெனியின் மூன்று சொல் பெயரைவிட அந்த நாய்தான் நம் கிராமங்களுக்குள் போனது. பெயர் தேடுகிற இசைக்காரர்கள் இதை முதலில் கவனிக்க வேண்டும். வாயில் நுழையாத பெயராக இருந்தாலும் கண்ணில் நிற்கிற ஒன்று கூட இருந்தால் பிழைத்துக்கொள்ளும்.

மற்ற கம்பெனிகளின் பெயர்களைப் பாருங்கள். கொலம்பியா என்பது ஏதோ தேவதையின் பெயரென்று நினைத்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் வாஷிங்டன் நகரம் இருக்கும் வட்டாரத்தின் பெயர் கொலம்பியா மாவட்டம். அந்த வட்டாரத்தில் போனோகிராப் விற்க உரிமை பெற்ற கம்பெனி அது, அவ்வளவுதான். நம் கணக்கில் சொன்னால் 'செங்கல்பட்டு மாவட்ட டீலர்' என்பதுபோல. ஓடியன் என்பது பாரிஸில் உள்ள ஒரு நாடக அரங்கின் பெயர். அதை எடுத்துக்கொண்டது பெர்லின் கம்பெனி. ஜெர்மன் கம்பெனிக்குப் பிரெஞ்சு அரங்கின் பெயர், விற்றது மதராஸில், பாடியது தமிழ்ப் பாட்டு. கேட்டவர்கள் யாரும் ஓடியன் என்றால் என்ன என்று கேட்டிருக்க மாட்டார்கள். பாட்டு நன்றாக இருந்தால் போதும்.

அந்த ஓடியன் தட்டுகளை மதராஸில் வெளியிட்ட கடையின் பெயர்தான் சுவாரசியம். காரைக்குடியில் ஆவிச்சி செட்டியாரின் கடை ஏ.வி. அண்ட் சன்ஸ். அங்கே இசைத்தட்டும் விற்றார்கள். அவர் மகன் மெய்யப்பன் 1930களின் தொடக்கத்தில் கூட்டாளிகளோடு சென்னைக்கு வந்து இசைத்தட்டு வியாபாரம் தொடங்கியபோது வைத்த பெயர் சரஸ்வதி ஸ்டோர்ஸ். நம் ஆட்கள் வேறு எதைத் தேர்ந்தெடுப்பார்கள்! அடுத்து சினிமாவுக்குள் போனபோது அதே பெயரை நீட்டி சரஸ்வதி சவுண்ட் புரொடக்‌ஷன்ஸ் என்றார்கள். 1935இல் 'அல்லி அர்ஜுனா' எடுத்தார்கள், போணியாகவில்லை. கடைசியில் நிலைத்த பெயர் எது? தகப்பனாரின் 'ஏவி', தன் 'எம்'. ஏவி.எம். மூன்றே எழுத்து. கலைவாணியின் பெயர் எல்லோருக்கும் பொது. அந்த மூன்று எழுத்து அவர்களுக்கு மட்டுமே. இதில் ஒரு பாடம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

சுதந்திரப் போராட்டக் காலத்தில் பெயரே அரசியல் பேசியது. கல்கத்தாவில் 1932இல் 'ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் இசைத்தட்டுகள் வந்தன. பம்பாயில் 'யங் இந்தியா' என்று ஒரு முத்திரை இருந்தது. யங் இந்தியா காந்திஜி நடத்திய பத்திரிகையின் பெயர் என்பது உங்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரனின் நாய் வேண்டாம், நம் தட்டை வாங்கு என்பதை வாய்விட்டுச் சொல்லாமல் பெயரிலேயே சொல்லிவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் அதே மாதிரி இன்னொன்று நடந்தது. ஒரே கலைக்கு நம்மிடம் மூன்று பெயர்கள் புழங்கின: மியூசிக், சங்கீதம், இசை. 1928இல் தொடங்கியது மியூசிக் அகாடமி. பிறகு ஊரெல்லாம் 'கான சபா'க்கள். 1943இல் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் முன்னின்று தொடங்கியது தமிழ் இசைச் சங்கம். மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் வேண்டும் என்ற கோரிக்கைதான் அந்தப் பெயர். போர்டில் 'இசை' என்று எழுதுவதா 'சங்கீதம்' என்று எழுதுவதா என்பது அன்றைக்கு வெறும் ருசி விஷயமில்லை, எந்தப் பக்கம் நிற்கிறாய் என்ற கேள்வி. இன்று அந்தச் சூடு ஆறிவிட்டது. ஒரே போர்டில் 'இசை மியூசிக் அகாடமி' என்று மூன்றில் இரண்டை எழுதி வைத்தாலும் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

சினிமாவிலும் பெயர் தொழிலை நடத்தியது. 1976இல் 'அன்னக்கிளி' வந்தபோது ராஜா என்றே பெயர் போட்டிருக்கலாம். ஏற்கெனவே ஏ.எம். ராஜா இருந்தார். குழப்பம் வேண்டாமென்று பஞ்சு அருணாசலம் 'இளைய' என்று முன்னால் சேர்த்தார். வேறுபடுத்திக் காட்டத்தான் அந்த ஒரு சொல்லைச் சேர்த்தார். இன்றைக்கு யாருக்காவது அது வேறுபாட்டுக்காக வந்த சொல் என்று தோன்றுகிறதா?

மெல்லிசைக் குழுக்களின் பெயர்களுக்கு வருகிறேன். இளையராஜா சகோதரர்களின் குழு பாவலர் பிரதர்ஸ், அண்ணன் பாவலர் வரதராஜன் பெயரில். 'சாதகப் பறவைகள்' என்று ஒரு குழு. மழைத்துளியை மட்டுமே குடிக்கும் என்று கதைகளில் சொல்லப்படும் பறவை அது. சாதகம் என்றால் பாட்டுக்காரர்கள் செய்யும் பயிற்சி என்றும் பொருள். ஒரே சொல்லில் இரண்டையும் பிடித்துவிட்டார்கள். இவர்களையெல்லாம் தூக்கி அடித்தவர் 'அபஸ்வரம்' ராம்ஜி. இசைக் கச்சேரிக்கு அபஸ்வரம் என்று பெயர் வைக்க எவ்வளவு தைரியம் வேண்டும்! சுருதி, லயம் என்று நூறு போர்டுகள் இருக்கும் தெருவில் அந்த ஒரு போர்டுதான் மனதில் நிற்கும். அப்படிப் பெயர் வைத்துவிட்டு நன்றாகப் பாடினால் ஜனங்களுக்கு இரட்டைச் சந்தோஷம். சுமாராகப் பாடினால் பெயரே கேலியாகிவிடும். தன் கை சுத்தமாக இருப்பவர்கள் மட்டுமே இந்த ஆட்டத்தை ஆடலாம்.

இனி எங்கள் பக்கத்துக் கதை ஒன்று. யார் பெயரையும் சொல்லப்போவதில்லை.

எழுபதுகளின் கடைசியில் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்த ஒரு பிட்டர், அக்கார்டியன் நன்றாக வாசிப்பார், ஒரு மெல்லிசைக் குழு ஆரம்பித்தார். முதல் ஷிப்டு முடிந்து வந்ததும் ஒரு ஓட்டு வீட்டில் ஒத்திகை. குழுவுக்குத் தன் மூத்த பெண்ணின் பெயரை வைத்தார். அது ஒரு ராகத்தின் பெயரும்கூட. ஆடி மாதம் கூழ் ஊற்றும் கோயில்களில் அவர்களுக்குக் கிராக்கி. எங்கள் பேட்டைக் கோயில் விழாக் கமிட்டிக்கு நான்தான் அப்போது கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வருஷா வருஷம் அந்தப் பெயருக்கு அட்வான்ஸ் ரசீது போட்டிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் அவர் மாரடைப்பில் திடீரென்று போய்விட்டார். ஒரு வருஷம் குழு அதே பெயரில் ஓடியது. அடுத்த ஆடியில் கமிட்டிக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஆள் வந்தது. ஒரு பக்கம் அவர் மனைவி, தம்பியை முன்னால் நிறுத்தி வேறு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு அதே பெயரில் கச்சேரி எடுக்கப் போவதாகச் சொன்னார். இன்னொரு பக்கம் பழைய ஆட்கள். தபேலா வாசிப்பவர் சொன்னார்: "இருபது வருஷம் மழையிலயும் பனியிலயும் வாசிச்சு அந்தப் பேரைத் தூக்கி நிறுத்தினது நாங்களும்தானே சார்." அந்த அம்மா சொன்னார்: "பணத்துல பங்கு வேணாம்ணே. பேரையாவது விட்டுடச் சொல்லுங்க. அது என் பொண்ணு பேரு."

இரண்டும் நியாயம்தான். கமிட்டியில் இருந்த ஏழு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களில் ஒருவர் வக்கீல் குமாஸ்தா. அவர் கேட்ட கேள்வி: "எழுத்துல ஏதாவது இருக்கா?" ஒன்றும் இல்லை. ஒரு துணி பேனர், ஒரு லெட்டர்பேடு, கொஞ்சம் போட்டோ.

கடைசியில் பழைய ஆட்கள் முன்னால் 'நியூ' என்று சேர்த்துக்கொண்டார்கள். அந்த அம்மாவின் பக்கம் முன்னால் 'ஒரிஜினல்' என்று சேர்த்தார்கள். அல்வாக் கடையிலிருந்து பிரியாணிக் கடை வரை நம் ஊரில் வழக்கமாக நடப்பதுதான். புக் செய்ய வருகிற ஊர்க்காரர்களுக்கு எது எது என்று புரியவில்லை. ஒரு செட் சுமாராக வாசித்தால் கெட்ட பெயர் இரண்டுக்கும் சேர்ந்து விழுந்தது. நாலைந்து வருஷத்தில் இரண்டுமே நின்றுவிட்டன. அந்தக் குடும்பத்துக்கு அவர் விட்டுப்போன ஒரே சொத்து அந்தப் பெயர். அதை வைத்து மூத்த பெண்ணின் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று அந்த அம்மா நம்பியிருந்தார். கடன் வாங்கித்தான் முடித்தார். பேனரை மட்டும் மடித்து பீரோவில் வைத்திருந்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

அப்போது எழுத்தில் ஏதாவது செய்திருக்க முடியுமா என்று பின்னால் படித்துப் பார்த்தேன். விஷயம் இதுதான். நம் நாட்டில் வணிகக் குறிகளுக்கு முதல் சட்டம் வந்தது 1940இல். அடுத்தது 1958இல். இரண்டிலும் பதிவு செய்ய முடிந்தது சரக்குகளுக்கான பெயரை மட்டுமே. இசைத்தட்டு, ஆர்மோனியம், கேசட் விற்கிறவர் பதியலாம். கச்சேரி செய்கிறவர், பாட்டு சொல்லிக்கொடுக்கிறவர், அதாவது சேவை தருகிறவர், பதிய வழியில்லை. 1999ஆம் ஆண்டுச் சட்டம்தான் சேவைகளையும் சேர்த்தது. அது நடைமுறைக்கு வந்தது 2003 செப்டம்பர் 15. ஆக, எங்கள் அக்கார்டியன்காரர் உயிரோடு இருந்தவரை, அவர் நினைத்திருந்தாலும் தன் குழுவின் பெயரைப் பதிவு செய்திருக்க முடியாது. பதியாத பெயருக்கும் பாதுகாப்பு உண்டு, 'என் பெயரில் உன் சரக்கை விற்கிறாய்' என்று கோர்ட்டில் வழக்குப் போடலாம். அதற்குப் பல வருஷச் சாட்சியம் வேண்டும், வக்கீல் பீஸ் வேண்டும். ஒரு ராத்திரி கச்சேரியில் ஆளுக்குச் சில நூறு ரூபாய் பார்த்தவர்கள் எங்கே போவார்கள்?

இன்றைக்கு நிலைமை வேறு. கிண்டியில் ஜி.எஸ்.டி. ரோட்டில் வணிகக் குறிப் பதிவகம் இருக்கிறது. அங்கே போகாமல் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பெயர்களை 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒலிப்பதிவுகளுக்கு 9, இசைக் கருவிகளுக்கு 15, கச்சேரிக்கும் பயிற்சி வகுப்புக்கும் 41. தனி ஆள் இணையத்தில் விண்ணப்பித்தால் வகுப்புக்கு 4,500 ரூபாய். பதிவானால் பத்து வருஷம், பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். ஒரு சுமாரான கீபோர்டின் விலைகூட ஆகாது.

இதில்தான் சரஸ்வதி ஸ்டோர்ஸ் பாடம் வருகிறது. பொருளை அப்படியே சொல்லும் சொல்லுக்குத் தனி உரிமை கொண்டாடுவது கஷ்டம் என்கிறது சட்டம். 'இசைப் பள்ளி' என்ற பெயரை ஒருவருக்கே கொடுத்தால் மற்றவர்கள் போர்டில் என்ன எழுதுவார்கள்? தெய்வப் பெயர், புனித நூல் பெயரும் அப்படித்தான். 'ராமாயண்' என்று ஊதுபத்திக்குப் பெயர் வைத்து அதற்கு உரிமை கேட்ட ஒரு வழக்கில், 2015இல் உச்ச நீதிமன்றம், புனித நூலின் பெயர் ஒரு வியாபாரிக்கு மட்டும் சொந்தமாகாது என்று சொல்லிவிட்டது. சரஸ்வதி, சுருதி, ராகம், லயா எல்லாம் நல்ல பெயர்கள்தான். நல்ல பெயர்களாக இருப்பதாலேயே அவை யாருக்கும் சொந்தமில்லை. ஏவி.எம். போன்ற பொருளற்ற மூன்று எழுத்தைத்தான் வேலி போட்டுக் காக்க முடியும்.

பெயரும் வகுப்பும் சேர்ந்தால் எவ்வளவு பெரிய சண்டை வரும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஆப்பிள். பீட்டில்ஸ் குழுவினர் 1968இல் தொடங்கிய கம்பெனி ஆப்பிள். எட்டு வருஷம் கழித்து அதே பெயரில் கம்ப்யூட்டர் கம்பெனி வந்தது. 1981இல் ஒரு சமாதானம்: நீங்கள் இசைக்குள் வராதீர்கள், நாங்கள் கம்ப்யூட்டருக்குள் வரவில்லை. கம்ப்யூட்டரே பாட ஆரம்பித்ததும் மறுபடி வழக்கு. 2007இல்தான் முடிந்தது. பெயர் முழுவதும் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போனது, பீட்டில்ஸ் கம்பெனி அதனிடமிருந்து அனுமதி பெற்றுப் பயன்படுத்துகிறது. முதலில் வந்தவர் வாடகைக்கு இருக்கிறார், பின்னால் வந்தவர் வீட்டுக்காரர் ஆகிவிட்டார். நிப்பருக்கும் இதே கதிதான். கம்பெனிகள் பிரிந்து கைமாறியதில் அந்த நாய்க்கு இங்கிலாந்தில் ஒரு எஜமானர், அமெரிக்காவில் ஒருவர், ஜப்பானில் ஒருவர். யார் குரலைக் கேட்கிறது என்று அதுவே குழம்பியிருக்கும். நம் நாட்டு கிராமபோன் கம்பெனி 2000ஆம் ஆண்டில் தன் பெயரையே மாற்றி 'சரிகம' என்று வைத்துக்கொண்டது. ஏழு ஸ்வரத்தில் நாலை எடுத்துக்கொண்டு மூன்றை மற்றவர்களுக்கு விட்டிருக்கிறார்கள் என்று எங்கள் வாக்கிங் கோஷ்டியில் ஒரு ஜோக் உண்டு. 2017இல் அவர்கள் கொண்டுவந்த 'காரவான்' பெட்டி எங்கள் வயதுக்காரர் வீடுகளில் பாதிக்கு வந்துவிட்டது. அதில் பாடுவதெல்லாம் அந்த நாய் மார்க் காலத்துப் பாட்டுகள்தான்.

இன்னொரு விஷயம், தொழில் போனாலும் பெயர் நிற்கும். செல்போன் விற்கும் சங்கீதா கடைகளைப் பார்த்திருப்பீர்கள். செல்போனுக்கும் சங்கீதத்துக்கும் என்ன சம்பந்தம்? 1974இல் பெங்களூரில் அது இசைத்தட்டுக் கடையாகத் தொடங்கியது. சரக்கு மாறியது, பெயர் மாறவில்லை. யமஹா என்றால் நமக்கு மோட்டார் சைக்கிள். டோராகுசு யமஹா 1887இல் ஆர்கன் செய்யத் தொடங்கிய வாத்தியக்காரர். பைக்கின் மேல் இருக்கும் அந்த முத்திரையில் மூன்று சுருதிக் கவைகள் இருப்பதை இனிமேல் சிக்னலில் நிற்கும்போது உற்றுப் பாருங்கள். சிக்னல் என்றதும் ஞாபகம் வருகிறது. நூறடி ரோட்டில் 'லஷ்மன் சுருதி சிக்னல்' என்று ஷேர் ஆட்டோக்காரர் சொல்கிறாரே, அது ஒரு மெல்லிசைக் குழு. பிறகு வாத்தியக் கடை வைத்தார்கள். கடையின் பெயர் சாலை முனைக்கே பெயராகிவிட்டது. 'சுருதி' என்ற பொதுச் சொல்லோடு தம் வீட்டுப் பெயரைச் சேர்த்ததுதான் அவர்கள் செய்த கெட்டிக்காரத்தனம்.

போன மாதம் நண்பரின் பேரன் ஒருவன் வந்தான். திருமுல்லைவாயிலில் கீபோர்டு, கிடார் வகுப்பும் சின்னதாக வாத்தியக் கடையும் போடப்போகிறான். இரண்டு நண்பர்கள் கூட்டு. பெயர் சொல்லுங்கள் தாத்தா என்றான். நான் பெயர் சொல்லவில்லை, ஐந்து வேலை சொன்னேன். முதலாவது, நினைத்திருக்கும் பெயரைப் பதிவகத்தின் இணையதளத்தில் 15, 41 இரண்டு வகுப்பிலும் தேடிப் பார். இரண்டாவது, போனில் ஒருமுறை மட்டும் சொல்லி உன் பாட்டியை எழுதச் சொல், சரியாக எழுதினால் வைத்துக்கொள். மூன்றாவது, போர்டில் தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்கட்டும், அரசாங்க விதியும் அதுதான், படிக்கிற ஜனங்களுக்கும் அதுதான் சௌகரியம். நான்காவது, ராகத்தின் பெயரோ சாமி பெயரோ ஆசையாக இருந்தால் வை, ஆனால் கூடவே உனக்கு மட்டுமே உள்ள ஒன்றை, ஊரோ இனிஷியலோ, சேர்த்துக்கொள்.

ஐந்தாவதுதான் முக்கியம் என்றேன். பெயர் யாருக்குச் சொந்தம், மூன்று பேரில் ஒருவர் விலகினால் என்ன, ஒருவர் இல்லாமல் போனால் அவர் வீட்டுக்கு என்ன என்பதை முத்திரைப் பத்திரத்திலாவது இப்போதே எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போடுங்கள். சிநேகிதம் நன்றாக இருக்கும்போதுதான் இதை எழுத முடியும், கெட்டபிறகு எழுத முடியாது.

பையனுக்கு அது அபசகுனமாகப் பட்டிருக்கலாம். தலையைச் சொறிந்துகொண்டே போனான். போன வாரம் அவன் தாத்தா போன் செய்தார். பெயர் இன்னும் முடிவாகவில்லையாம். பத்திரம் மட்டும் எழுதிவிட்டார்களாம்.